ஓடிக்கிட்டிருக்கு

இந்த ஊரில் ஒரு வீடு
ஒரு தெருவில் நுழைந்து அடுத்த தெருவில் வெளியேறும்.
கல்லுக்கட்டி மாடியறையில்
என் கம்பெனிப் பெட்டிக்குள்ளோ
இரண்டு விரற்கடை குறைகிறது.

கார்டு இருபத்தேழு சென்டிமீட்டர்.
டேப் பிடித்து அளந்துதான் வாங்கினேன்,
ஹார்ட் டிஸ்க் கூண்டை மறந்து.

மேலூரிலிருந்து பஸ்ஸில் வந்தது,
கண்டக்டர் சீட்டுக்கு அடியில்,
பூப்போட்ட தலையணை உறைக்குள்.
விற்றவன் போலீஸ் பரீட்சைக்குப் படிக்கிறானாம்.
"இதுல ஆயிரம் தடவ செத்திருப்பேன்க்கா,
கார்டுக்கு ஒண்ணும் ஆகல."
விசிறி இதழ்களுக்கிடையே சாம்பிராணி வாசனை,
ஏதோ ஒரு பூனையின் மூன்று வெள்ளை முடி.

செக்காலை ரோட்டு இருதயராஜ்
பக்கப் பலகையைக் கழற்றி டார்ச் அடித்தான்.
பவர் சப்ளை ஸ்டிக்கரைச் சத்தமாக வாசித்தான்:
இருநூற்று நாற்பது வாட்.
"பங்கு பிரிச்சு முடிஞ்ச வீடு இது.
பிராசசருக்கு இவ்வளவு, டிஸ்க்குக்கு இவ்வளவு.
இனிமே வர்ற பங்காளி
வாசல்ல நின்னுட்டுப் போகவேண்டியதுதான்."
சப்ளையை மாற்றலாமென்றால்
கம்பெனிக்காரன் போர்டில் ஆறே முள்;
ஊருக்கெல்லாம் இருபத்து நாலு.
"வித்துட்டு வேற வாங்குங்க" என்றான்,
டீயைக் கடைசிவரை குடித்துவிட்டு.

விற்க எங்கே நேரம்.
புதன்கிழமைக்குள் பள்ளத்தூர்க் கல்யாணம் தர வேண்டும்.
நாலு கேமரா, ஒரு ட்ரோன்.
மாப்பிள்ளை அழைப்பில் எல்லோரும்
ஸ்லோமோஷனில் நடக்க வேண்டுமாம்,
பெண்ணின் சின்ன அத்தையைத் தவிர.
(பெண்ணே தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்.)

ஆறு முள்ளுக்கு இருபத்து நாலைக் கட்டிவைக்கும் வயர்
முந்நூற்றைம்பது ரூபாய்க்கு மதுரையில் கிடைத்தது.
வாரண்டி ஸ்டிக்கர் கிழிகையில்
பழைய பிளாஸ்திரி உரியும் சத்தம்.
போர்டை வெளியே எடுத்து மெத்தையில் வைத்துவிட்டு
கூண்டின் நாலு ரிவிட்டையும் ட்ரில் போட்டு எடுத்தேன்.
இரும்புத்தூள் வளையலுக்குள் போய்க் குத்தியது.
கார்டு உட்கார்ந்தது.
ஐந்நூற்றைம்பது வாட் சப்ளை உள்ளே அடங்கவில்லை;
யாரும் வாங்கிப்போகாத மூன்று ஆல்பங்களின் மேல்
பெட்டிக்கு வெளியே இருக்கிறது.
அதில் ஒரு ஜோடிக்குக் கோர்ட்டில் கேஸ் நடக்கிறது.
மூடி இனி மூடாது.

பட்டனை அழுத்தினேன்.
எல்லாம் சுற்றியது,
திரை மட்டும் கருப்பு.
கார்டு பதினாறாயிரம், சப்ளை நாலாயிரத்து இருநூறு,
சீட்டுப் பணம் இன்னும் ஏழு தவணை.
கழற்றினேன், ஊதினேன், மறுபடி மாட்டினேன்.
கருப்பு.
மேலூர்ப் பையனைத் திட்ட போனைக் கையில் எடுத்துக் குனிந்தால்,
பின்னால்,
திரையின் கேபிள்
போர்டின் பழைய துளையிலேயே.

யாருமில்லாத அறையில் முகம் சுட்டது.

ஒன்பது மணிநேர வேலை
ஐம்பத்திரண்டு நிமிடத்தில் முடிந்தது.
மல்லிகை ஒவ்வொன்றாய் விழுந்தது,
குடை மெதுவாகச் சுழன்றது,
அத்தை மட்டும் விறுவிறுவென்று போனாள்.
பிறகு கார்டின் விசிறிகள் நின்றன.
சூடு தணிந்தால் தாமே நின்றுவிடும் ரகம்.

ஒன்பதே முக்காலுக்குச் செஞ்சையிலிருந்து
எப்போதும் வரும் போன்.
"முடிஞ்சிருச்சா உமையாள்? கதவைச் சாத்தவா?"

மூன்று வருஷமாக ஒரே பதில்தான்.
பாதியில் நிற்கும் பச்சைக் கோட்டைப் பார்த்தபடி சொல்வேன்.
பெட்டியின் இரைச்சல் அவர் காதுக்கே கேட்கும்,
மேற்கொண்டு கேட்கமாட்டார்.
பொய் ஒன்றுமில்லை அதில்.
இயந்திரம் மெதுவானது, நான் அதற்குக் காவல்;
விடியும்வரை இந்த அறை என்னுடையது.

பச்சைக் கோடு முழுதாக நிறைந்திருக்கிறது.

"இல்ல," என்றேன், "ஓடிக்கிட்டிருக்கு."

சொல்லிக்கொண்டே
டேபிள் ஃபேனை மூன்றில் வைத்து
போன் பக்கம் திருப்பினேன்.